கேம்பிங் போக காஸா, கரண்டா?

பொங்கல் லீவுக்கு ஏலகிரி போறதுன்னு முடிவான அன்னிலேருந்து எங்க செட்டுல ஓடின ஒரே சண்டை இதுதான். சமைக்க காஸ் அடுப்பு எடுத்துட்டுப் போறதா, கரண்ட் அடுப்பா? மொத்தம் ஆறு பேர். மூணு பேர் காஸ் கட்சி, ரெண்டு பேர் கரண்ட் கட்சி. ஆறாவது ஆள் நான். ஆறு பேருமே பி.காம் மூணாவது வருஷம்தான், ஆனா பொருளாளர் பதவியை என் தலைல கட்டிட்டாங்க (மத்தவங்க காஸ்டிங் பேப்பர்ல வாங்கின மார்க்கை இங்க சொன்னா அடிக்க வருவாங்க :-)). எந்தக் கட்சி ஜெயிச்சாலும் காசு என் கையிலேருந்துதான் போகணும். அதனால ஒரு நாள் சாயங்காலம் பேப்பர் பேனாவோட உட்கார்ந்தேன்.

முதல்ல சூடு. சமையல்னு வந்தா மேட்டர் இதான். நம்ம ஊர் தண்ணி 28 டிகிரின்னு வெச்சுக்குவோம். அது கொதிக்க 100 டிகிரி வரணும். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த 4.2 கிலோஜூல் வேணும்னு பத்தாம் கிளாஸ்ல படிச்சோம், ஞாபகம் இருக்கா? 72 டிகிரிக்கு சுமார் 300 கிலோஜூல். கரண்ட் கணக்குல சொன்னா 84 வாட் ஹவர். இந்த 84-ஐ மட்டும் மனசுல வெச்சுக்கங்க, மிச்சம் எல்லாம் இதை வெச்சுத்தான்.

கரண்ட் கட்சித் தலைவர் சொன்ன முதல் ஐடியா, "பவர் பேங்க் இருக்கே, அதுல ஒரு சின்ன கெட்டில் போட்டா போச்சு". 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒண்ணுல இருக்கிறது 74 வாட் ஹவர் (20 ஆம்பியர் ஹவரை 3.7 வோல்ட்டால பெருக்குங்க). அதாவது முழுசா சார்ஜ் ஏத்தின பவர் பேங்க்கை துணி பிழியற மாதிரி பிழிஞ்சு எடுத்தாலும் ஒரு லிட்டர் தண்ணி கொதிக்காது! இத்தனைக்கும் ஒரு பொட்டு வீணாகலன்னு வெச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு இது. நாலு நாள் போனுக்கு உயிர் குடுக்கிற சாமானால ஒரு சட்டி வெந்நீர் வைக்க முடியலன்னா நம்ப மாட்டீங்க. நானும் ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

அடுத்து அவர் காட்டினது பெரிய பேட்டரிப் பெட்டி. போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்னு விக்கிறாங்க. 500 வாட் ஹவர் பெட்டி கிட்டத்தட்ட ஆறு கிலோ இருக்கும். விலை நான் விசாரிச்சப்ப 35,000 ரூபாய் பக்கம். இன்வெர்ட்டர்ல போற நஷ்டம், இண்டக்ஷன் அடுப்புல போற நஷ்டம் எல்லாம் கழிச்சா நாலு லிட்டர் சொச்சம் தண்ணி கொதிக்கும். அதுவும் அந்தப் பெட்டியால 1500 வாட் அடுப்பை ஒரே நேரத்துல இழுக்க முடிஞ்சாத்தான். சின்னப் பெட்டிகள்ல பலதால முடியாது.

இப்ப காஸ். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில இருக்கிற சூடு சுமார் 12.7 யூனிட் கரண்டுக்குச் சமம். பாடி ஸ்ப்ரே டப்பா மாதிரி விக்கிறாங்களே, அந்த 230 கிராம் பியூட்டேன் கேன், அதுல மட்டும் கிட்டத்தட்ட 2.9 யூனிட். திறந்த வெளியில காத்தடிச்சு பாதிக்கு மேல வீணாப் போனாலும் 15 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். கால் கிலோ காஸுக்கு இவ்ளோ சக்தி! ஒரே எடைக்கு எடை பார்த்தா லித்தியம் பேட்டரியை விட எல்.பி.ஜி.யில சுமார் 50 மடங்கு சக்தி இருக்கு. வீட்டுல இருக்கிற 14.2 கிலோ சிலிண்டர் கிட்டத்தட்ட 180 யூனிட். நம்ம கவர்மெண்டு ரெண்டு மாசத்துக்கு இலவசமா குடுக்கிறது 100 யூனிட்தான்னு யோசிச்சா ஒரு சிலிண்டர் எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு புரியும்.

ஆறு பேருக்கு ஒரு ராத்திரி சாப்பாடு, ஒரு காலை டிபன், மூணு வேளை டீ. என் தோராயக் கணக்குக்கு 12 லிட்டர் தண்ணி கொதிக்கிற அளவு சூடு. ஒரே ஒரு கேன். காஸ் கட்சி விசில் அடிச்சு டேபிளைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

இருங்க மக்களே, கரண்ட் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கு. கேம்ப் போடற இடத்துல பிளக் பாயிண்ட் இருந்தா? அதே 12 லிட்டருக்கு இண்டக்ஷன்ல 1.2 யூனிட் போதும். சுமக்க ஒரே ஒரு அடுப்பு. நெருப்பு இல்ல, புகை இல்ல, காத்துக்கு அணையாது. செலவு ஒரு டீ விலை கூட ஆகாது. அதனால ஏலகிரியில நாங்க புக் பண்ணின டெண்ட் இடத்து ஓனருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அங்க பிளக் இருக்கா?"

"இருக்கே தம்பி, போன் சார்ஜ் போட்டுக்கலாம்."

"இண்டக்ஷன் போடற மாதிரி பவர் பிளக்?"

"அதெல்லாம் இல்ல தம்பி. போன மாசம் ஒருத்தர் கெட்டில் போட்டு மொத்த கேம்ப்பும் இருட்டாயிடுச்சு."

1500 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா ஆறரை ஆம்பியர். நம்ம சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். வீட்டுல கீஸர், கிரைண்டருக்குன்னு போடறமே பெரிய 16 ஆம்பியர் பிளக், அது இல்லாத இடத்துல இண்டக்ஷன் தூக்கிட்டுப் போறது வெத்து சுமை. போற இடத்துல "பிளக் இருக்கா"ன்னு கேக்காதீங்க, "எத்தனை ஆம்பியர்"னு கேளுங்க.

இந்தக் கணக்கையெல்லாம் நான் வீட்டுல உட்கார்ந்து போட்டுட்டிருந்தப்ப அம்மா எட்டிப் பார்த்தாங்க. எங்க வீடு நொச்சிக்குப்பம். அம்மா லூப் ரோடு அங்காடியில மீன் விக்கிறாங்க. "எங்கடா போற?"ன்னாங்க. "கேம்ப்புக்கு"ன்னேன். அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "காசு குடுத்து கேம்ப்ல போய் தங்கப் போறியா?"

எனக்கு முதல்ல புரியல. அப்புறம்தான் உறைச்சுது. அம்மாவுக்கு கேம்ப்னா நிவாரண முகாம். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப நான் கைக்குழந்தை. ஸ்கூல் கட்டடத்துல தங்கி, யாரோ குடுத்த அடுப்புல எனக்குப் பால் காய்ச்சினதை அம்மா இன்னும் மறக்கல. அதுக்கப்புறமும் எங்க குப்பத்துக்கு கேம்பிங் ஒண்ணும் புதுசு இல்ல. 2015 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள்ளயே கேம்பிங்தான். வர்தா அப்ப சிட்டியில பல இடத்துல நாள் கணக்கா கரண்ட் இல்ல. காஸ் இருந்த வீட்டுல சோறு வெந்துச்சு. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வெந்துச்சு.

அதுக்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 2012 செப்டம்பர்ல மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான்னு மத்திய அரசு சொன்னப்ப ஊரே இண்டக்ஷன் வாங்க ஓடுச்சாம். அதே வருஷம்தான் தமிழ்நாட்டுல பயங்கர பவர் கட். சென்னைக்கு ரெண்டு மணி நேரம், வெளி மாவட்டத்துல அதை விடப் பல மடங்கு. (அப்புறம் அந்த ஆறு ஒன்பதாகி, 2014-ல பன்னெண்டாச்சு.) எங்க அம்மா இதுலேருந்து கத்துக்கிட்டது, ரெண்டும் வீட்டுல இருக்கணும், எதை எதுக்குன்னு தெரிஞ்சிருக்கணும். எங்க ரெண்டு கட்சிக்கும் எட்டாத புத்தி.

எதை எதுக்கு? வெளிச்சத்துக்கு வருவோம், அங்க கதை தலைகீழ்.

பழைய படத்துல கல்யாண ஊர்வலத்துல தலைல தூக்கிட்டுப் போவாங்களே பெட்ரோமாக்ஸ் லைட், அது கிருஷ்ணாயில்ல எரியறது. காஸ்ல எரியற கேம்பிங் லாந்தரும் அதே டெக்னிக்தான். உள்ள ஒரு வலை மாதிரி மேண்டில் இருக்கும், அது சூடாகி வெள்ளையா ஒளி விடும். (மேண்டில்னா என்னன்னு தெரியாதவங்க 1984-ல வந்த 'வைதேகி காத்திருந்தாள்' கவுண்டமணி-செந்தில் காமெடியைப் பாருங்க, ஒரு சுத்து சிரிச்சுட்டு வாங்க.) இதுல எரியறதுல பெரும்பகுதி சூடாத்தான் போகும், வெளிச்சம் கொஞ்சூண்டு. இப்ப எல்.இ.டி.யைப் பாருங்க. 3 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரிஞ்சா 18 வாட் ஹவர். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க வைக்க வக்கில்லாத அதே பவர் பேங்க், ரெண்டு ராத்திரிக்கு வெளிச்சம் குடுத்துட்டு மிச்சமும் வெச்சிருக்கும். நீல எல்.இ.டி. கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014-ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க. எங்க நைனாவைக் கேட்டா இன்னும் ரெண்டு குடுக்கலாம்பார். விடியறதுக்கு முன்னாடி ஃபைபர் படகுல போறவர், நெத்தியில எல்.இ.டி. லைட்டைக் கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வலையைப் பிரிக்கிறார். லாந்தர்னா ஒரு கை போச்சு.

ஆக, சூட்டுக்கு காஸ், வெளிச்சத்துக்கு பேட்டரி. இத்தோட தீர்ப்பு எழுதி சண்டையை முடிச்சிருக்கலாம். ஆனா என் கணக்குல இன்னும் ரெண்டு விஷயம் வரவே இல்ல. ரெண்டுக்கும் விலைச் சீட்டு கிடையாது.

ஒண்ணு, கேனை எப்படிக் கொண்டு போறது? நாங்க போறது சென்ட்ரல்லேருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ், ஜோலார்பேட்டை வரைக்கும். காஸ் கட்சித் தலைவர் "பைக்குள்ள துணிக்கு நடுவுல வெச்சா யாருக்குத் தெரியும்?"னார். 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலை மதுரையில நடந்தது ஞாபகம் இருக்கா? லக்னோவிலேருந்து வந்த சுற்றுலாப் பெட்டி, ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்தாங்க. உள்ள யாருக்கும் தெரியாம கொண்டு வந்த சிலிண்டர்ல டீ போடப் போய் தீப்பிடிச்சு ஒன்பது பேர் செத்துப் போனாங்க. டீ போடத்தாங்க! அவங்களும் யாருக்குத் தெரியும்னுதான் நினைச்சிருப்பாங்க. 1989 ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவுப்படி இப்படி ஆபத்தான சாமான் கொண்டு போனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா என்னைப் பயமுறுத்தினது ஜெயில் இல்ல. நம்ம பை நம்ம ஆறு பேர் பக்கத்துல மட்டுமா இருக்கும்? எதிர் சீட்டுல குழந்தையோட ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்களே.

இன்னொரு ஐடியாவும் வந்துச்சு. தீர்ந்து போன பழைய கேன்ல வீட்டு சிலிண்டர்லேருந்து நிரப்பிக்கறது. யூட்யூப்ல காட்டறாங்களாம். தயவு செஞ்சு பண்ணாதீங்க. கேன் பியூட்டேனுக்காகச் செஞ்சது, ஒரு தடவைக்கு மட்டும். வீட்டு சிலிண்டர்ல புரொப்பேனும் கலந்திருக்கு. 40 டிகிரி வெயில்ல பியூட்டேனை விட புரொப்பேனோட அழுத்தம் மூணு மடங்குக்கு மேல. கனமான இரும்பு சிலிண்டர் தாங்கும், தகர டப்பா தாங்காது.

ரெண்டாவது விஷயம்தான் பெரிசு. ஜனவரி ராத்திரி ஏலகிரியில குளிரும். கடல் மட்டத்துலேருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல. கடற்கரைக்காரனுக்கு 20 டிகிரியே ஸ்வெட்டர் குளிர், அங்க அதை விடக் கீழ போகும். காஸ் கட்சித் தலைவர் சொன்னார், "அடுப்பை டெண்டுக்குள்ள சிம்ல வெச்சுட்டு ஜிப்பைப் போட்டுட்டா ரூம் ஹீட்டர் மச்சி". எல்லாரும் சூப்பர் ஐடியான்னாங்க. கரண்ட் கட்சி உட்பட!

நான் முடியாதுன்னேன். பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கினேன். பரவாயில்ல. ஏன் முடியாதுன்னு சொல்றேன்.

2020 ஜனவரியில கேரளாவிலேருந்து நேபாளம் டூர் போனவங்க டாமன்கிற மலை ஊர்ல தங்கினாங்க. குளிருக்கு ரூமுக்குள்ள காஸ் ஹீட்டர் போட்டுட்டுத் தூங்கினாங்க. எட்டுப் பேர் எழுந்திரிக்கல. அதுல நாலு குழந்தைங்க. 2024-ல நம்ம கொடைக்கானல்லயே, சமைச்சு முடிச்ச பார்பிக்யூ கரி அடுப்பு அணையாம ரூமுக்குள்ள இருக்க, தூங்கின ரெண்டு இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்து போனாங்க. டெண்டு அந்த ரூமை விடச் சின்னது.

நடக்கறது இதுதான். காஸ் முழுசா எரிய நிறைய ஆக்ஸிஜன் வேணும். மூடின இடத்துல ஆக்ஸிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். முழிச்சிருந்தா தலைவலி, மயக்கம்னு ஏதோ தெரியும். தூங்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அடுப்பு அணைஞ்சு காஸ் மட்டும் கசிஞ்சாலும் ஆபத்துதான். எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், மேல போகாது, நாம படுத்திருக்கிற தரையிலதான் தேங்கும். அப்புறம் டெண்டு துணி வேற. நைலான் பத்திக்கிட்டா உருகி உடம்புல ஒட்டும்.

எங்க சித்தப்பா காசிமேட்டுல விசைப்படகுக்குப் போறவர். பத்து நாள், பதினஞ்சு நாள் கடல்லயே தங்கல். அவங்க சமையல் எல்லாம் காஸ்லதான். இந்த டெண்ட் ஹீட்டர் கதையைச் சொன்னதும் சிரிச்சார். "சிலிண்டரை வெளிய கயிறு போட்டுக் கட்டிருப்போம். சோறாக்கி முடிச்ச உடனே ரெகுலேட்டரை மூடிடணும். நாங்க கடல்ல ஆடற படகுலயே தூங்க சொல்ல அடுப்பு எரிய விடமாட்டோம், நீ அசையாத மலையில எரிய விடப் போறியா?"ன்னார். இதுக்கு மேல எந்த ப்ரொபசர் சொல்லணும்? அதை அப்படியே செட்டுல சொன்னேன். காஸ் கட்சித் தலைவர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார், ஆனா வாதம் பண்ணல.

"அப்ப விறகு?"ன்னு ஒரு குரல். கேம்ப் ஃபயர் இல்லாம கேம்பிங்கான்னு கேக்கறது நியாயம்தான். ஓனர் இடத்துல அவரே ஒரு குழி வெச்சிருந்தா, அவர் பார்வையில, சரி. காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு நெருப்பு வெக்கிறதைத் தடுக்க 1882-லேயே தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கு. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில மாட்டினவங்கள்ல 23 பேர் இறந்து போனாங்க. சென்னையிலேருந்து ட்ரெக்கிங் போனவங்களும் அதுல உண்டு. அந்த வருஷமே அரசாங்கம் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. காஞ்ச புல்லு எவ்ளோ வேகமா எரியும்னு கடற்கரையில வளர்ந்த எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துல நெருப்போட விளையாட நான் தயாரில்ல.

கடைசியில என்ன பண்ணினோம்? எதையும் வாங்கல! ஓனர்கிட்டயே அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாடகைக்கு இருந்துச்சு, ஒரு ராத்திரிக்கு 400 ரூபாய். கம்பளி வாடகை ஆளுக்கு 50, மொத்தம் 300. விளக்குக்கு நைனாவோட நெத்தி லைட் ஒண்ணு, எங்க பவர் பேங்க் ரெண்டு, அம்பது பைசா செலவில்ல. ஆக 700 ரூபாய், தலைக்கு 117. அந்த பேட்டரிப் பெட்டி வாங்கியிருந்தா தலைக்கு 5,833. வருஷத்துக்கு ஒரு ட்ரிப் போற நமக்கு ஃபிக்ஸட் காஸ்ட்டைத் தலையில ஏத்திக்கிறது எதுக்கு? அடிக்கடி கார்லயே போறவங்க, சொந்தமா அடுப்பு வாங்கறது வேற கணக்கு. அவங்களும் ஊட்டி, கொடைக்கானல் உறைபனிக்கு பியூட்டேன் கேனை நம்பாதீங்க. சைபர் டிகிரி கிட்ட வந்தா பியூட்டேன் ஆவியாகவே ஆகாது, டப்பா நிறைய காஸ் இருந்தும் அடுப்பு எரியாது. அங்க புரொப்பேன் கலந்த கேன்தான் வேலைக்கு ஆகும்.

சமையல் திறந்த வெளியில, காத்துக்கு முதுகு காட்டி, டெண்டுலேருந்து பத்தடி தள்ளி. அந்த உயரத்துல தண்ணி 96 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், அதனால சோறு வேக கொஞ்சம் கூட நேரம் ஆச்சு. ரசம் சூப்பர். முடிச்சதும் ரெகுலேட்டரை நான் மூடினேன், இன்னொருத்தனை விட்டு செக் பண்ணச் சொன்னேன் (ஆடிட்டிங் :-)). ராத்திரி நல்லாவே குளிர் அடிச்சுது. கம்பளியும் பத்தல, ஒருத்தன் மேல ஒருத்தன் கால் போட்டுத் தூங்கினோம். நடுராத்திரி ரெண்டு தடவை என்னைத் திட்டின சத்தம் கேட்டுச்சு. காலையில அஞ்சரை மணிக்கு ஆறு பேரும் எழுந்துட்டோம். முதல் டீ போட்டது காஸ் கட்சித் தலைவர்தான்.

நீங்க எங்கயாவது போறதா இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி அந்த இடத்து ஓனர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. அடுப்பு, காஸ் அங்கயே கிடைக்குமா? பிளக் எத்தனை ஆம்பியர்? ஆளுக்கு எத்தனை கம்பளி தருவீங்க? மூணாவதை மறந்துடாதீங்க. டெண்டுக்குள்ள அடுப்பைக் கொண்டு போற யோசனை வர்றதே கம்பளி பத்தாதப்பதான். அடுத்த தடவை நான் ஆளுக்கு ரெண்டா வாங்கப் போறேன். தலைக்கு இன்னொரு 50 ரூபாய், போனா போகுது.